தண்ணி நிக்குமா, போவுமா?

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் பழைய கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் கோப்பை வெளியே எடுத்து வரக் கூடாது என்று முதலில் திட்டினேன். திட்டி முடித்த பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். வீடு கட்ட அனுமதி கேட்டு வந்த மனு. கூடவே, ஓவர்சியர் இடத்தைப் பார்த்துவிட்டு நிரப்பித் தரும் படிவம்.

"சார், அந்தக் காலத்து ஃபாரம் எல்லாத்துலயும் அச்சடிச்ச கேள்விங்களுக்குக் கீழ ஊதா மையில ஒரு வரி கையால எழுதியிருக்கு. எல்லாம் ஒரே கையெழுத்து. உங்களுதுன்னு சொன்னாங்க. எதுக்கு சார் இது?" என்று கேட்டார்.

என்னுடையதுதான். 'தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும்?' என்பது அந்த வரி. அது என் மண்டையில் ஏறுவதற்கு ஒரு பெண்மணியின் சமையலறையை இடிக்க வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் பாதியில் வேறு எங்காவது போய்விடுவேன் என்பதால் எழுதியே தருகிறேன். நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். ஆனாலும் நான் செய்த தப்பை நீங்களும் செய்வீர்கள், அதற்குப் படிப்பு ஒன்றும் குறுக்கே நிற்காது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எழுபதுகளில் எனக்கு வில்லியனூர்ப் பக்கம் ஓவர்சியர் வேலை. வயது முப்பது. சைக்கிள், டேப், சட்டைப்பையில் ஊதா மைப் பேனா. ஊருக்குள் நுழைந்தால் டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த எழுந்து நிற்பது இருக்கிறதே, அது ஓவர்சியருக்குப் பிடிக்கும் முதல் வியாதி. எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

ஊர்ப் பெயர் வேண்டாம். மதகடிப்பட்டுப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கரும்புக் கொல்லைகள், அதைத் தாண்டி ஒரு சின்னத் தெரு, தெருவுக்குக் கிழக்கே ஒரு தாங்கல். ஏரி அளவுக்குப் பெரிதில்லை, குட்டை அளவுக்குச் சிறிதுமில்லை. மழைத் தண்ணீரைத் தாங்கி வைத்துக்கொள்கிற பள்ளம், அவ்வளவுதான். கோடையில் கோரையும் வெடித்த மண்ணுமாகக் கிடக்கும். மழை பிடித்தால் ஒரே வாரத்தில் நீர்க்கோழியும் நாரையும் வந்து இறங்கிவிடும். தெருவில் எட்டு வீடுகள், எல்லாம் நெல்லும் கரும்பும் பயிர் செய்கிற குடும்பங்கள். பாதிக்கு மேல் மண்சுவர். அந்தத் தெருவுக்கும் தாங்கலுக்கும் நடுவில் ஒரு வெறும் மனை இருந்தது.

அந்த மனையை வாங்கியவர்கள் சூசை, ரொசாலி என்ற தம்பதி. சூசைக்குப் புதுச்சேரி நகரத்தில் மில் வேலை. பக்கத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஊர்க்காரர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடு, அதிலும் ஆறு முறை மாறியவர்கள். கடைசியாக இருந்த வீட்டில் சமையலுக்குத் தனி இடம் கிடையாது. மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார் ரொசாலி. அதனால் வீட்டு வரைபடத்தை என்னிடம் கொடுத்தபோது அவர் விரல் வைத்துக் காட்டியது ஹாலையோ அறையையோ இல்லை. "இது குசினி சார். கதவு வெச்ச குசினி" என்றார். சமையலறைக்கு எங்கள் பக்கத்துப் பழைய பேச்சு குசினி. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் அந்த வார்த்தை அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

வைகாசி வெயிலில் இடத்தைப் பார்க்கப் போனேன். டேப் பிடித்தேன். படிவத்தில் அச்சடித்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக நிரப்பினேன். ஏழாவதோ எட்டாவதோ, 'மழைக்காலத்தில் நீர் தேங்குமா?' என்று ஒரு கேள்வி. நிழலில் நின்றிருந்த ஐந்தாறு பேரைப் பார்த்து, "மழையில இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்காது சார்" என்றார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு பீடி புடிக்கிற நேரம் கூட நிக்காது சார்."

'நீர் தேங்குவதில்லை. ஊரார் கூற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு நாணயமான அதிகாரி பாருங்கள், ஊராரைக் கேட்டல்லவா எழுதினேன் என்று சைக்கிளில் திரும்பும்போது என்னை நானே மெச்சிக்கொண்டது கூட நினைவிருக்கிறது.

அன்றைக்கு என் கண்ணில் பட்டும் மூளையில் படாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெறும் மனையில் மூன்று வீட்டுக்காரர்களின் வைக்கோல் போர்கள் இருந்தன. மூன்றும் வடக்கு ஓரத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. மாட்டுக் கட்டுத்தறிகளும் அதே ஓரத்தில்தான். நடுவிலும் தெற்கிலும் அவ்வளவு இடம் சும்மா கிடக்கும்போது ஏன் இப்படி ஓரத்தில் நெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று எந்த முட்டாளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இடம் பார்க்கப் போனால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, இத்தனை வருஷமாக எந்த இடத்தில் யாரும் எதையும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ஆவணியில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டியதும் தெருவிலிருந்து மனு வந்தது. 'மேற்படி வீடு கட்டப்பட்டால் எங்கள் தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் நாங்கள் மிகவும் கஷ்டப்படுவோம்.' எட்டுக் கையெழுத்து, அதில் ஐந்து கைநாட்டு. முதல் கையெழுத்து நடராசன், வைகாசியில் நிழலில் நின்றவர்களில் ஒருவர். தெருவில் கொஞ்சம் வசதியான விவசாயி, வைக்கோல் போர்களில் பெரியது அவருடையது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த மனை வழியாக வாய்க்கால் எதுவும் குறிக்கப்படவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். கண்ணுக்குத் தரை ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது. போர் போட்ட இடம் போய்விடுமே என்ற ஆத்திரம், வெளியூர் மில் தொழிலாளி தளம் போட்ட வீடு கட்டுகிறானே என்ற வயிற்றெரிச்சல் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மனுக் கொடுப்பவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால் நம் வேலை எவ்வளவு சுலபமாகிவிடுகிறது தெரியுமா? மனுவைப் படிக்கவே வேண்டாம்.

தெருவில் வைத்து நடராசனிடம் என் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். "வைகாசி மாசம் நீங்கதானே சொன்னீங்க, தண்ணி நிக்காதுன்னு?"

"ஆமா சார், சொன்னன். நிக்கறது வேற சார், இன்னான்னா..."

"ஒரே வாயில ரெண்டு பேச்சு பேசாதீங்க" என்று வெட்டிவிட்டேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்றிருந்த தனபாக்கியம் என்ற அம்மாள் மட்டும், "கேட்டுட்டாவது போவக் கூடாதா இந்த மனுசன்" என்று சொன்னது என் முதுகில் விழுந்தது. தெருவின் கடைசி வீடு அவருடையது, மண்சுவர், அந்த மனையை ஒட்டினாற்போல் இருக்கும். கேட்காதது போல் சைக்கிளில் ஏறினேன். மனுவுக்குப் பதில் எழுதினேன். 'நீர் தேங்குவதில்லை என்று மனுதாரர்களே முன்னர் கூறியுள்ளனர்.' அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வீடு மளமளவென்று ஏறியது. வீட்டுத் தரையை உயர்த்தும் பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்பி, சுவர் கதவு உயரத்துக்கு, லிண்டல் மட்டம் வரை வந்தது. ஹாலுக்கு மட்டும், சிமெண்ட் மூட்டை நனையாமல் இருக்க, தற்காலிகமாகக் கீற்று வேய்ந்திருந்தார்கள். கிறிஸ்துமசுக்குள் குடிவந்துவிட வேண்டும் என்று ரொசாலிக்கு ஆசை. கொத்தனார் மற்ற வேலையில் இருக்க, குசினியின் அடுப்பு மேடைக்குத் தானே சிவப்புச் சாந்து பூசி, தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றி வைத்திருந்தார். மேலே கூரையே இல்லாத சமையலறையில் மேடை மட்டும் பளபளவென்று இருக்கும். நான் வேலையைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "சார், தொட்டுப் பாருங்க" என்பார். தொட்டுப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்பேன். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக ஒருவர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். நடராசன்.

"சார், தெருவுல வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சி. ஆளுங்க கடப்பாரைய எடுத்துகினு அந்த வூட்டாண்ட போயிட்டாங்க. நான் வர்றவரைக்கும் கை வெக்காதீங்கன்னு சொல்லி நிறுத்தி வெச்சிட்டு வந்துகிறன். அந்தம்மா ஒண்டியா நிக்குது சார். வூட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரு. சீக்கிரம் வாங்க."

வயிற்றெரிச்சல்காரர் என்று நான் முத்திரை குத்திய மனிதர். அந்த மழையில் சைக்கிள் மிதித்து வந்தது ரொசாலிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக.

எனக்கு மேலே இருந்த பொறியாளர் அன்று நகரத்தில் கூட்டத்தில் இருந்தார். அவருக்குத் தகவல் போய் உத்தரவு வரச் சாயங்காலம் ஆகும். போலீசைக் கூப்பிடலாம். வந்தால் கடப்பாரையைத் தடுப்பார்கள், தண்ணீரைத் தடுக்க மாட்டார்கள். மண்சுவர் சாயங்காலம் வரை தாங்குமா என்று நடராசனைக் கேட்டேன். "தனபாக்கியம் வூடு தாங்காது சார்" என்றார். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. இருவரும் கிளம்பினோம். என் குடை வில்லியனூர் எல்லையைத் தாண்டுவதற்குள் கம்பி கம்பியாகப் போய்விட்டது.

போய்ப் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வீட்டுக்கு மேற்கே, தெருப் பக்கம், முழங்கால் அளவுத் தண்ணீர். அதே வீட்டுக்குக் கிழக்கே, தாங்கல் பக்கம், வெறும் ஈரமண். நடுவில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேஸ்மட்டம், ஊருக்கு அணை கட்டினாற்போல். பத்துப் பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தண்ணீரில் நின்றார்கள். பேஸ்மட்டத்தின் மேல் ரொசாலி, நனைந்த புடவையோடு, கையில் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் அனுமதிக் காகிதம்.

"சார் வந்துட்டாரு. கேளுங்க அவரையே! கையெழுத்துப் போட்டவரு அவருதான? நான் இன்னா திருட்டுத்தனமாவா கட்டுனன்? சொல்லுங்க சார் இவங்களுக்கு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பழக்கமான ஒரே காரியத்தைச் செய்தேன். நடராசன் பக்கம் திரும்பி, "நிக்காதுன்னு சொன்னீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். "நிக்காதுன்னுதான் சார் சொன்னோம். போவாதுன்னா சொன்னோம்? கரும்புக் கொல்லத் தண்ணி மொத்தமும் இந்த மனை வழியாத்தான் சார் தாங்கலுக்குப் போவும். போறதால நிக்காது. நீங்க போவுமான்னு கேக்கவே இல்லியே."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் உங்களுக்கும் இந்த நிமிஷம் ஒரு நாள் வரும். காகிதம் உங்கள் பக்கம் இருக்கும். படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கும். வரைபடத்தில் வாய்க்கால் இருக்காது. நீங்கள் சொன்னது பொய் என்று எந்த விசாரணையிலும் நிரூபிக்க முடியாது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதையெல்லாம் ஒருமுறை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ரொசாலிக்கு ஆதரவாகப் பேசினால் என் கையெழுத்து தப்பிக்கும். தெருவுக்கு ஆதரவாகப் பேசினால் நான் முட்டாள் என்று நானே சொல்லியாக வேண்டும். அதற்குள் தனபாக்கியம் அங்கே வந்துவிட்டார், தண்ணீரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு.

"மருமவ பத்து நாள் பச்ச ஒடம்புக்காரி சார். புள்ளைய வெச்சிகினு கட்டில் மேல ஒக்காந்துகினு கீறா. செவுரு ஊறிப் போச்சி. எதுனா ஒண்ணு செய்யுங்க, இல்லன்னா செய்யறவங்கள வுடுங்க."

நான் பேஸ்மட்டத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னேன். "ரொசாலியம்மா, தப்பு என்னுது. தண்ணி போற வழியில வீடு கட்ட நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இவங்க முன்னாடியே சொன்னாங்க, நான் காது கொடுக்கல. அந்தக் காகிதம் சரி, நான் அதுல எழுதினது தப்பு."

ரொசாலி கையில் இருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் வாயில் அவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டி முடித்துவிட்டு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்ளோ அகலம் வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. டேப் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. தனபாக்கியம்தான் தண்ணீருக்குள் நடந்து போய், தெற்குப் பக்கம் ஒரு இடத்தில் நின்று கையை நீட்டினார். "இந்த வேலிக்கால்லருந்து அந்தப் பூவரசு வரைக்கும். இதுதான் தடம். எந்த மழையிலயும் இதத் தாண்டி அகலமாப் போனதில்ல, இதுக்குக் கொறஞ்சும் போனதில்ல."

அவர் காட்டிய இடத்தில் முழுசாக நின்றது குசினி.

"இடிக்கச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லம்மா" என்றேன். "வீடு உங்களுது."

ரொசாலி குசினிக்குள் போனார். அடுப்பு மேடையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மழை அதன் மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. பிறகு வெளியே வந்து, "மேடைய மட்டும் நான் பாக்காதப்ப ஒடைங்க. யக்கா, வாங்க, மொதல்ல ஒங்க மருமவளத் தூக்கியாரலாம்" என்று தனபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

கடப்பாரை விழுந்தது. நானும் ஒன்றை வாங்கிக்கொண்டேன். எனக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று நடராசன் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்தார். சுவரைச் சாய்த்து, அடிக்கல்லைப் பெயர்த்து, நிரப்பிய மண்ணை வெட்டித் தள்ளியதும் தண்ணீர் முதலில் ஒரு கீற்றாக எட்டிப் பார்த்தது, பிறகு தானே கரையை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. தனபாக்கியம் காட்டிய அகலத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் போனது. மதியம் தெருவில் தரை தெரிந்தது. தனபாக்கியத்தின் வீட்டில் ஒரு பக்கச் சுவர் சரிந்திருந்தது, மற்றவை தப்பின.

அதற்குள் ஹாலில், கீற்றுக்குக் கீழே, சிமெண்ட் மூட்டைகளின் மேல் பலகை போட்டு, பழம்புடவை விரித்து, தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்திருந்தார் ரொசாலி. அந்த வீட்டில் முதலில் குடியேறியது தனபாக்கியத்தின் பத்து நாள் பேத்திதான். பன்னிரண்டு நாள் அங்கேதான் இருந்தாள்.

சூசை சாயங்காலம் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். "காலைல நான் போவும்போது குசினி இருந்துச்சே" என்றார். நான் முன்னால் போய்ச் சொன்னேன். அவர் என்னோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் அங்கே இருந்தேன் என்பதால் எனக்கு அது தெரியும். வீட்டின் வடக்குப் பக்கம், வைக்கோல் போர்கள் இருந்த மேட்டில், புதுக் குசினி எழும்பியது. போர்களை எடுத்து இடம் விட்டவர் நடராசன். இடித்த கையாலேயே தெருக்காரர்கள் செங்கல் சுமந்தார்கள். நான் பெரும்பாலும் தொந்தரவாகத்தான் இருந்தேன். நான்காவது ஞாயிறு சூசை என்னிடம் ஒரு டம்ளர் காப்பியை நீட்டி, "ஆறிடப் போவுது" என்றார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு.

ஆபீசில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு மேலே இருந்த பொறியாளரின் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மறுநாளே என் பழைய அறிக்கை தவறு என்று புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு போனேன். படித்தார்.

"யாரக் கேட்டு எழுதின?"

"ஊர்க்காரங்களத்தான் சார்."

"என்னன்னு கேட்ட?"

"தண்ணி நிக்குமான்னு சார். ஃபாரத்துல அப்படித்தான் இருக்கு."

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார். "இந்த ஃபாரத்த எழுதினவன் இந்தப் பக்கம் மழையில நடந்திருக்க மாட்டான். நீ நடந்தவன் இல்ல? உன் கேள்விய நீ சேத்துக்க வேண்டியதுதானே?" மெமோ உண்டு என்றும் சொன்னார். அன்றே கையில் கொடுத்தார். பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று தயங்கிக் கேட்டேன். "கிழிக்காத. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். பின்னால வர்றவனுக்கு ரெண்டாவது மட்டும் இருந்தா ஒண்ணும் புரியாது" என்றார். அந்த இரண்டும் இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். தேடிப் படியுங்கள், சிரித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்துதான் ஒவ்வொரு படிவத்திலும் ஊதா மையில் அந்த வரியை எழுத ஆரம்பித்தேன்.

கிறிஸ்துமசுக்குக் குடிவர முடியவில்லை. பொங்கல் கழித்து, வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வந்தார். தெருவே அங்கே இருந்தது. தனபாக்கியம் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் வீட்டு விசேஷம் போல எல்லோரையும் வரவேற்றார். சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். புதுக் குசினியில் புது மேடை, அதே சிவப்பு. நான் குற்ற உணர்ச்சியில் வாசலிலேயே தயங்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ரொசாலி கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"இன்னா சார், நிக்குறீங்களா, போறீங்களா?"

தெருவே சிரித்தது. நடராசன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு என் சைக்கிள் அந்த ஊருக்குள் நுழைந்தால் போதும், யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் விட மாட்டார்கள். தூக்கிவாரிப் போட்ட அவமானம் மெல்ல மெல்ல எனக்குப் பிடித்த மரியாதையாக மாறிவிட்டது. டீக்கடையில் யாரும் எழுந்து நிற்பதில்லை. நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. எண்பதுகளின் கடைசியில் அதே மனையிலிருந்து எனக்கு ஒரு மனு வந்தது. ரொசாலியின் மகன் அமலன் கொடுத்தது. குசினி இடிந்த வருஷம் மூன்றாம் வகுப்புப் படித்தவன், பிறகு விடுதியில் தங்கிப் படித்ததால் தெருவின் மழையை அதிகம் பார்க்காதவன், இப்போது டிப்ளமா முடித்து வேலைக்குப் போகிறவன், கல்யாணம் நிச்சயமானவன். வீட்டுக்குத் தெற்கே சும்மா கிடக்கிற இடத்தில் தனக்கு ஒரு அறை கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தான். கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். அழகாக வரைபடம் போட்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் தனி அறை வேண்டும் என்கிற பிள்ளையிடம் எப்படிக் கூடாது என்று சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன்.

"சார், நான் எல்லாம் விசாரிச்சிட்டன்" என்றான் அமலன். "தெருவுல நாலு பேரக் கேட்டன். மழையில அந்த எடத்துல தண்ணி நிக்கறதே இல்லியாம்."

குசினியில் பாத்திரம் டணார் என்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. ரொசாலி வாசற்படிக்கு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"நிக்குமான்னு கேட்டியா, போவுமான்னு கேட்டியாடா?"

அமலன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பேனாவைத் திறந்து அந்த ஊதா வரியை எழுதிவிட்டு, எதிரில் இடம் விட்டுக் காத்திருந்தேன்.

"அவன மாடியில கட்டிக்கச் சொல்லுங்க சார். படிக்கட்டு வடக்கால வெச்சிக்கட்டும். நீங்க இத எழுதிக்குங்க" என்று ரொசாலி படியில் உட்கார்ந்துகொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மேற்கால கரும்புக் கொல்லையிலருந்து வரும். தனபாக்கியம் அக்கா வூட்டத் தொட்டுகினு, எங்க குசினி இருந்த எடத்து வழியா, தாங்கலுக்குப் போவும்."

ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன்.